காலையில் எடை குறையும் டேங்குகள்

என் மனைவி யாரையும் எடுத்த எடுப்பில் நம்பியது கிடையாது. காய்கறிக் கடையில் தராசைப் பார்ப்பாள், பிறகு குனிந்து தராசின் அடியைப் பார்ப்பாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இத நீங்க சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று அவரையே கேட்பாள். வீட்டைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். அவள் என்னை இழுத்துப் பார்க்கச் சொல்வாள், நான் இழுத்தது சரியில்லை என்று மறுபடியும் தானே இழுப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் என்னை நம்பிவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

நாங்கள் பழகியதே ஒரு சந்தேகத்தில்தான். நான் அப்போது ஒரு லாண்டரியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். அவள் தீயணைக்கும் சிலிண்டர்களுக்கு கேஸ் நிரப்பும் பட்டறையில் இருந்தாள். எங்கள் லாண்டரிச் சுவரில் தொங்கிய சிவப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். எடை போட்டவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீப்பிடிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்ப பாதி கேஸ் எங்க போச்சு? விளையாட்டுக்கு யாரு அடிச்சது?"

யார் அடித்தது என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை. அந்தக் கேள்வியை முடிக்கத்தான் என்னைக் கட்டிக்கொண்டாளோ என்று சில நேரம் தோன்றும்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஊருக்கு வெளியே ஒரு பெயின்ட்பால் மைதானம். ஆபீஸ் ஆட்களும் காலேஜ் பிள்ளைகளும் கூட்டமாக வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, பழைய டயர்களுக்கும் மரப்பெட்டிகளுக்கும் பின்னால் ஒளிந்து, சாய உருண்டைகளால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். துப்பாக்கி என்று சொல்லக் கூடாது, மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அவர் எதிரில் மட்டும் அப்படிச் சொல்வோம். துப்பாக்கிகளைச் சுடுவதற்குத் தயார் செய்வது என் மனைவி. சுட்டு முடித்தபின் வரும் சாயத்துணிகளைத் துவைப்பது நான். அழுக்காக்கவும் வெளுக்கவும் ஒரே வீட்டுக்குச் சம்பளம் தருகிற ஏமாளி எங்கள் முதலாளிதான்.

மைதானத்தில் நடுவர் வேலை பார்த்த பையனை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அதனாலேயே கழுத்தில் விசில். முகமூடிக் கண்ணாடிகளில் கீறல் விழுந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போவான். அந்தக் கடையில் வேலை பார்ப்பவள் எங்கள் மகள். கீறல் இல்லாத கண்ணாடிகளையும் அவன் கொண்டுபோக ஆரம்பித்ததை என் மனைவி எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். மகளே ஒருநாள் வீட்டில் வாயைத் திறந்தாள். அவரைத்தான் கட்டிக்கொள்வேன், வேறு யாரும் வேண்டாம் என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. அவனுக்கு அப்பா அம்மா இல்லை, வளர்த்தது அக்கா. அக்கா என்ன வேலை, வீட்டு ஓனர் யார், பல்லில் வலி உண்டா, எல்லாம் என் மனைவி விசாரித்தாள். விசாரித்ததில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறையே இல்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

"ஒரு மனுஷன்கிட்ட ஒண்ணுமே இல்லாமயா இருக்கும்?" என்றாள்.

"இருந்தாத்தான் கட்டி வைப்பியா?" என்றேன்.

கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அக்காவை அழைத்துக்கொண்டு வரச் சொன்னாள். மகள் அன்று என் தட்டில் கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து மைதானத்து கம்ப்ரஸர் மண்டையைப் போட்டது. அதுவரை துப்பாக்கிகள் அழுத்தி அடைத்த காற்றில்தான் ஓடின. கம்ப்ரஸருக்குச் சாமான் வர மாசக்கணக்காகும் என்றார்கள். மைதானத்தை மூடி வைக்க முதலாளிக்கு மனசில்லை. பெரிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்களையும் சின்ன டேங்குகளையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"காத்துக்குப் பதிலா கேஸு. டேங்க மாத்தினா முடிஞ்சுது. அவ்வளவுதானம்மா?" என்றார்.

"அவ்வளவுதான்னா நீங்களே மாத்துங்க," என்றாள். முதலாளி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அது அவ்வளவு லேசான வேலை இல்லை. காற்று, டேங்குக்குள்ளும் காற்றாகவே இருக்கும். இந்த கேஸ் உள்ளே திரவமாகக் கிடக்கும், அதன் மேலே கொஞ்சம்தான் வாயு. துப்பாக்கிக்குள் போக வேண்டியது அந்த வாயு மட்டும். திரவம் போய்விட்டால் உருண்டை கண்டபடி வேகமெடுக்கும், உள்ளிருக்கும் ரப்பரெல்லாம் உறைந்து பிளந்துவிடும். ஒரே பாத்திரத்துக்குள் இரண்டு முகம் வைத்திருக்கும் பொருள் என்றால் என் மனைவிக்குச் சொல்லவா வேண்டும்? அவளுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

முதலில் எலக்ட்ரானிக் துப்பாக்கிகளைத் தனியே எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இந்தக் குளிரை அவை தாங்காது. பிறகு சாதாரணத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டேங்க் வாயில் இருந்த மெத்தென்ற கறுப்பு வளையங்களைப் பிடுங்கிவிட்டுக் கெட்டியான வளையம் போட்டாள். இந்த கேஸ் பட்டால் கறுப்பு வளையம் ஊதிக் கிழிந்துபோகும். டேங்குக்குள் வளைந்த குழாய் ஒன்று உண்டு. டேங்கைத் துப்பாக்கியில் படுக்கைவாக்கில் முடுக்கி நிறுத்தும்போது அந்தக் குழாயின் வாய் மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் வாயுவை மட்டும் இழுக்கும். கீழே பார்த்தால் திரவத்தைக் குடித்துவிடும். மரை போய் முட்டி நிற்கும் இடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதனால் எந்த டேங்க் எந்தத் துப்பாக்கியில் சரியாக நிற்கிறது என்று மாட்டி மாட்டிப் பார்த்து ஜோடி சேர்த்தாள். குழாய் எந்தப் பக்கம் என்று கம்பெனிக்காரன் டேங்கில் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டை நம்புவாளா? ஒவ்வொன்றையும் சாய்த்துப் பிடித்துத் துளி கேஸைத் திறந்துவிட்டு, வெள்ளையாகத் துப்புகிறதா, சும்மா சீறுகிறதா என்று பார்த்துத் தானே கோடு போட்டாள்.

இவ்வளவுக்கும் கூட நின்றவன் விசில்தான். வளையத்தில் அவள் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள், அவன் டேங்கை மெதுவாகத் திருகுவான். கடைசிச் சுற்றில் உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. அந்த அமைதியை அவள் நம்பமாட்டாள், சோப்பு நுரை தடவிப் பார்ப்பாள். அவன் பலகையைப் பார்த்துச் சுடுவான், அவள் வேகம் காட்டும் மெஷினைப் பார்த்து, "ஜாஸ்தி, ஜாஸ்தி, ஆள் தோல் உரிஞ்சுடும்," என்று திருகாணியைத் தளர்த்துவாள். வெயில் ஏறினால் இந்த கேஸின் வேகமும் ஏறும் என்று மத்தியானம் எல்லாவற்றையும் மறுபடியும் சுடச் சொன்னாள். அவன் முகம் சுளிக்காமல் சுட்டான். துணி உலர்த்திக்கொண்டே பார்த்த எனக்கு, மாமியாரும் மருமகனும் ஒத்துப்போவார்கள் போலிருக்கிறதே என்று மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் ஆட்கள் போனபின் டேங்க் நிரப்புவார்கள். முதலாளி வாங்கிப்போட்ட பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் காலி டேங்குகளைக் குளிர வைத்து, எடை பார்த்து, பெரிய சிலிண்டரிலிருந்து கேஸ் இறக்கி, மறுபடி எடை பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் நிரம்பிய டேங்க் சூடானால், கழுத்தில் உள்ள சின்னத் தகடு கிழிந்து மொத்த கேஸும் சீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். பட்டறையில் அதை ஒருமுறை பார்த்தவள் அவள். எடை விஷயத்தில் யார் பேச்சையும் கேட்கமாட்டாள். நிரப்பியதெல்லாம் இரும்பு அலமாரிக்குள் போகும். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், ஒன்று விசிலிடம்.

காலையில் டேங்கை வெளியே கொடுக்கும் முன் மறுபடி எடை போட வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் போட்டாள். எல்லா டேங்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது.

மறுநாளும் குறைந்தது. அதற்கு மறுநாளும். ஒழுகுகிறதோ என்று சோப்பு நுரை தடவினாள், வாளித் தண்ணீரில் முக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஒழுகவில்லை என்றதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஓட்டையில்லாத டேங்கிலிருந்து கேஸ் போகிறதென்றால், ஆள்தான் எடுக்கிறான்.

அலமாரிக் கதவிடுக்கில் கறுப்பு நூல் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் கட்டி வைத்தாள். காலையில் நூல் அறுபடாமல் அப்படியே இருந்தது. டேங்க் எடை குறைந்திருந்தது.

"பாத்தீங்களா? நூலப் பாத்துட்டான். திருப்பி அதே மாதிரி கட்டியிருக்கான். லேசுப்பட்ட ஆள் இல்ல," என்றாள் என்னிடம்.

"அறுந்திருந்தா?"

"அறுந்திருந்தா மாட்டியிருப்பான்."

இரண்டு வழியும் அவன் கழுத்துக்கே போயின. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு சேர்ந்து லேசாக ஒரு நமைச்சலும் வந்தது என்பதுதான் உண்மை. தினமும் ஒருத்தி காதில் ஓதினால் யாருக்குத்தான் வராது? விசில் என் பக்கம் வந்து துணி மடிக்க உதவும்போது, இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று நானும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் மகள் காதுக்குப் போனது. அவள் கொதித்துப்போனாள்.

"அவரா? அவரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாரும்மா. மீன் வளக்கற ஆளு. இங்க பாரு," என்று போனை எடுத்து நீட்டினாள்.

ஒரு கண்ணாடித் தொட்டி. பச்சைப் பசேலென்று செடிகள், நடுவில் சின்னச் சின்ன மீன்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் மனைவி மீனைப் பார்க்கவில்லை. தொட்டியின் மூலையில் நூல் பிடித்தாற்போல் மேலே ஏறிய குமிழிகளைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"செடி வளர கேஸ் விடுவாங்களாம்."

"என்ன கேஸு?"

மகள் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். செடிகளுக்கு விடுவது கார்பன் டை ஆக்சைடு. துப்பாக்கிக்கு வைக்கும் அதே சின்ன டேங்கைத்தான் மீன் தொட்டிக்காரர்களும் வைத்துக்கொள்கிறார்கள். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் மைதானத்தில் விசிலிடம் கை நீட்டினாள். "அலமாரி சாவியக் குடு. இனிமே நானே ரொப்பிக்கறேன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தான். "சரிங்க அத்தை," என்றான். கேட்காததும் குற்றமாயிற்று. மடியில் கனமில்லாதவன் என்றால் ஏன் என்று கேட்டிருப்பானாம்.

அன்று வேலை முடிந்ததும் மகள் நேராக அவன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அந்த டேங்க் அவரோடதுதான்," என்றாள்.

"கேட்டியா?" என்றாள் என் மனைவி.

"கேக்கல."

"கேக்காம எப்படித் தெரியும்?"

"தெரியும்மா. விடு."

குரலில் கோபம் இல்லை, ஏதோ கீழே போட்டு உடைத்தவள் மாதிரி பேசினாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கி, நாற்காலி துடைத்துக் காத்திருந்தோம். சந்தேகம் ஒருபக்கம் இருந்தாலும் வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல என் மனைவிக்கு மனசு வரவில்லை. நேரில் வைத்து நாலு கேள்வி கேட்கலாம் என்ற கணக்கும் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் வரவில்லை. அக்கா போன் செய்தாள். தம்பி இப்போதைக்கு வேண்டாம் என்கிறான், காரணம் கேட்டால் பிடிகொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான், தப்பா நினைக்காதீங்க என்றாள். மகள் கட்டியிருந்த புதுப் புடவையை மாற்றாமலே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"குத்தமுள்ள நெஞ்சு. பயந்துட்டான்," என்றாள் என் மனைவி. சொன்னாளே தவிர, குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

அவளுக்கு உள்ளே உறுத்தக் காரணம் இருந்தது. விசிலிடமிருந்து சாவியை வாங்கிய பிறகு தனியாகத்தான் நிரப்பினாள், தனியாகத்தான் பூட்டினாள், இரண்டு சாவியையும் இடுப்பிலேயே வைத்திருந்தாள். அப்படியும் காலையில் எடை குறைந்திருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. நான் சட்டையை மாட்டினால் பை கனக்கிறதா என்று பார்த்தாள்.

"ஏங்க, நீங்க எதுக்காவது அலமாரிப் பக்கம் போனீங்களா?"

"எனக்கு எதுக்கு அந்த கேஸு? குடிக்கவா?"

"அந்த லாண்டரி சிலிண்டரையும் நீங்கதான் அடிச்சீங்க, எனக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று சாயங்காலம் நானும் நிரப்பும் அறைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் கண் முன்னாலேயே நிரப்பு, என் கண் முன்னாலேயே பூட்டு என்றேன். அவள் ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து டேங்கை எடுத்தாள், நிரப்பினாள், தராசில் வைத்தாள். எண் சரியாக வந்து நின்றது. டேங்க் முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தராசுத் தட்டில் ஈரம் இறங்கியது. ஈரத்தைக் கண்டால் சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டால் டேங்கையும் தட்டையும் அழுத்தித் துடைத்து, மறுபடி தூக்கி வைத்தேன்.

எண் இறங்கிவிட்டது. தினமும் காலையில் எவ்வளவு குறைந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

அவள் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பட்டறையில் அவள் சிலிண்டரைக் குளிர வைத்து நிரப்பியதில்லை, காற்று ஓடிய காலத்தில் எடையே பார்த்ததில்லை. பனியைத் தினமும் கண்ணால் பார்த்தவள்தான், விரல் மரத்துப்போக அதைத் தொட்டுத் தூக்கியவள்தான். அது கேஸோடு சேர்ந்து தராசில் ஏறி உட்கார்ந்து, விடிவதற்குள் காய்ந்துபோகும் என்று தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் தண்ணீரை விட்டுவிட்டாள்.

துடைத்துத் துடைத்து எல்லா டேங்கையும் எடை பார்த்தாள். "ஐயோ, அந்தப் பிள்ளைய என்ன சொல்லிட்டேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

மறுநாள் ஆட்ட இடைவேளையில் இரண்டு பேரும் விசிலிடம் போனோம். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். என் மனைவி சுற்றி வளைக்கவில்லை. டேங்க், பனி, தராசு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "தப்பு என்மேலதான்பா. உன்னத் திருடன்னு நெனச்சுட்டேன். உன் கால்ல வேணும்னாலும்..."

"ஐயோ, அக்கா, என்ன இது," என்று பதறி நகர்ந்தான்.

அக்கா. மைதானத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் மட்டும், அக்காவை அழைத்துவரச் சொன்ன நாளிலிருந்து, அத்தை என்று மாறியிருந்தான். என் மனைவிக்கும் அது உறைத்தது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"உங்கமேல எனக்கு வருத்தமே இல்லக்கா," என்றான். "நீங்க எல்லாத்தையும் சோதிக்கற ஆளு. நான் வேலைக்குச் சேந்தன்னிக்கு என் விசில வாங்கி நீங்களே ஊதிப் பாத்தீங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க சந்தேகப்பட்டா அது நியாயம்."

"அப்ப ஏம்பா வரல?"

கழுத்து விசிலை உருட்டினான். "நீங்க சாவி வாங்கின அன்னிக்கு உங்க பொண்ணு வீட்டுக்கு வந்தா. மீன் தொட்டியப் பாத்தா. எங்க அக்கா காபி போடப் போயிருந்தாங்க, நானும் பின்னாடியே போனேன். திரும்பி வரும்போது தொட்டிக்குக் கீழ இருந்த டேங்க எடுத்து, தலைகீழாத் திருப்பி, அடியில பாத்துட்டிருந்தா."

மைதானத்து டேங்குகளின் அடியில் என் மனைவி அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்திருப்பாள். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"புள்ளி இல்லன்னதும் அவ முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க," என்றான். "அதத்தான் என்னால மறக்க முடியல. அவளுக்கு என்னைத் தெரியும்னு நெனச்சிருந்தேன்."

ஆட்டம் தொடங்க ஆட்கள் கூப்பிட்டார்கள். அவன் முகமூடியை இறக்கிக்கொண்டு போனான்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். பனி விஷயத்தை முதல் நாள் இரவே அவளிடம் சொல்லியிருந்தோம். "சொல்லிட்டியாம்மா? என்ன சொன்னாரு?"

"எம்மேல கோவம் இல்லியாம்," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு மகளைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான்டி. நான்தான் உன் மனசக் கெடுத்தேன். போய்ப் பாத்துட்டு வான்னு நான்தான்..."

"நீ சொல்லலம்மா," என்றாள் மகள். "நானாத்தான் திருப்பிப் பாத்தேன்."